பிரஷர் கேனர்: விசில் எண்ணிப் பழகியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் நம்மவர் வீடுகளில், இரண்டாவது ஃப்ரீசரும் நிரம்பிய பிறகுதான் பெரும்பாலும் பிரஷர் கேனர் பற்றிய பேச்சு வரும். கொண்டைக்கடலை, கோழி, தோட்டத்துப் பீன்ஸ் என்று வேகவைத்ததைக் கண்ணாடி ஜாடியில் அடைத்து, இந்தப் பெரிய பாத்திரத்தில் ஆவியின் அழுத்தத்தில் சூடாக்கிவிட்டால், குளிர்ப்பெட்டியே இல்லாமல் அலமாரியில் ஓராண்டு வரை வைத்துக்கொள்ளலாம். புயலில் இரண்டு நாள் மின்சாரம் போனாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

இதில் நமக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. பிரஷர் குக்கரைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். இதுவும் குக்கர்தானே, கொஞ்சம் பெரியது, அவ்வளவுதான் என்று கை தானாக நம்பிவிடும். குக்கரில் நாம் பழகிய வழக்கங்களில் பாதி, கேனரில் ஆபத்தானவை. கண்ணளவு, கைப்பக்குவம், "ஒரு விசில் கூட விட்டால் சரியாகிவிடும்" என்பதெல்லாம் இங்கே எடுபடாது. எழுதி வைத்த செய்முறை, கடிகாரம், அழுத்தமானி இந்த மூன்றும் சொல்வதை மட்டும் கேட்டு நடக்க வேண்டும்.

கொதிக்கும் நீர் ஏன் போதாது

மண்ணில் வாழும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் காய்கறிகளோடும் பருப்புகளோடும் வீட்டுக்குள் வந்துகொண்டே இருக்கின்றன. அப்படியே சாப்பிட்டால் பெரியவர்களுக்குப் பொதுவாக ஒன்றும் ஆவதில்லை. ஆனால் காற்றில்லாத, ஈரமான, புளிப்பில்லாத இடத்தில் அறை வெப்பத்தில் விட்டால் அந்த வித்துகள் முளைத்து நஞ்சைச் சுரக்கும். மூடி இறுகிய ஜாடி அப்படிப்பட்ட இடம்தான். வித்துகள் 100 டிகிரி செல்சியஸில், மணிக்கணக்கில் கொதித்தாலும் தாக்குப்பிடிக்கும். அவற்றை அழிக்க ஏறக்குறைய 116 டிகிரி (240 ஃபாரன்ஹீட்) வேண்டும். திறந்த பாத்திரத்தில் நீர் அந்த வெப்பத்தை எட்டாது, அழுத்தத்தில்தான் எட்டும்.

ஊறுகாய் மட்டும் எப்படி ஆண்டுக்கணக்கில் நிற்கிறது என்று கேட்கலாம். அதில் புளிப்பும் உப்பும் இருக்கின்றன. உணவின் பிஎச் அளவு (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 4.6 அல்லது அதற்குக் கீழே இருந்தால் இந்த வித்துகள் முளைக்காது. பருப்பு, காய்கறி, இறைச்சி, மீன், சூப் எல்லாம் அதற்கு மேலே இருப்பவை. தக்காளி இரண்டுக்கும் நடுவில் ஊசலாடுகிறது. அதனால்தான் தக்காளியைக் கேனரில் வைத்தாலும் பைன்ட் ஜாடிக்கு ஒரு மேசைக்கரண்டி, குவார்ட்டுக்கு இரண்டு (ஒரு குவார்ட் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு, பைன்ட் அதில் பாதி) என்று பாட்டில் எலுமிச்சைச் சாறு ஊற்றச் சொல்கிறார்கள். பழத்திலிருந்து பிழிந்த சாற்றின் புளிப்பு பழத்துக்குப் பழம் மாறும், பாட்டிலில் ஒரே அளவாக இருக்கும்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2015 ஏப்ரலில் ஒஹாயோ மாநிலத்தின் லான்காஸ்டரில், தேவாலய விருந்து ஒன்றில் உருளைக்கிழங்கு சாலட் சாப்பிட்ட 29 பேர் இந்த நஞ்சு உண்டாக்கும் பொட்டுலிசம் என்ற நோயால் பாதிக்கப்பட்டார்கள். ஒருவர் இறந்தார். கிழங்கை வீட்டில் ஜாடியில் அடைத்திருந்தார்கள், ஆனால் பிரஷர் கேனரில் இல்லை, வெறும் கொதிநீரில். இந்த நஞ்சு நிறத்திலும் மணத்திலும் தெரியாமலே இருக்கலாம்.

வீட்டுக் குக்கரில் செய்தால் என்ன

கூடாது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் கணக்கில், குறைந்தது 4 குவார்ட் ஜாடிகளாவது உள்ளே நின்று மூடியும் பூட்டிக்கொண்டால்தான் அது கேனர். நம் 5 லிட்டர், 7 லிட்டர் குக்கர்கள் சட்டென்று சூடாகிச் சட்டென்று ஆறும். செய்முறையில் போட்டிருக்கும் 75 நிமிடம், 90 நிமிடம் என்பதெல்லாம், பெரிய பாத்திரம் மெல்லச் சூடாகி மெல்ல ஆறும் நேரத்திலும் வித்துகள் அழியும் என்பதைச் சேர்த்துப் போட்ட கணக்கு. அந்த நேரம் குறைந்தால் கணக்கே தப்பு. விசில் அடிக்கும்போது அழுத்தம் ஒரே வீச்சில் இறங்கி ஏறுவது இன்னொரு கேடு. ஜாடிக்குள் இருக்கும் நீர் வெளியே பீறிடும், மூடியின் விளிம்பில் பருப்புத் துணுக்கு ஒட்டும், மூடி இறுகாது.

இன்ஸ்டன்ட் பாட் போன்ற மின்குக்கர்களுக்கும் இதே பதில்தான். "கேனிங்" என்று ஒரு பொத்தான் இருந்தாலும் சரி. வேளாண்மைத் துறையின் நேரக் கணக்குகள் அடுப்பில் வைக்கும் கேனர்களில் செய்து பார்த்தவை.

வாங்கும்போது

கேனர்களில் இரண்டு வகை. டயல் வைத்தது முள்ளால் அழுத்தத்தைக் காட்டும். வெயிட் வைத்தது 5, 10, 15 பவுண்டு (சதுர அங்குலத்துக்கு) அழுத்தத்துக்கென்று செய்த எடைகளால் அதைக் கட்டுப்படுத்தும், குறித்த அளவை எட்டியதும் வெயிட் ஆடத் தொடங்கும். என்னைக் கேட்டால், முதன்முறை வாங்குகிறவர்கள் வெயிட் வகையையே வாங்கலாம். முள் பழுதாகும், வெயிட் பழுதாவதில்லை. அது ஆடும் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருப்பதால் டயலையே வெறித்துக்கொண்டு நிற்கவும் வேண்டாம். டயல் வகை வாங்கினால் ஆண்டுக்கு ஒருமுறை அந்த முள்ளைச் சோதித்தாக வேண்டும். பல கவுன்டிகளில் இருக்கும் கூட்டுறவு விரிவாக்க (Cooperative Extension) அலுவலகங்கள் இதைச் செய்து தருகின்றன. 2 பவுண்டுக்கு மேல் தவறாகக் காட்டினால் டயலை மாற்றிவிடுங்கள்.

ப்ரெஸ்டோ கேனர்கள் பலவற்றில் டயலும் இருக்கும், ஒரு 15 பவுண்டு வெயிட்டும் இருக்கும். புதியவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள். 11 பவுண்டில் வேலை செய்யும்போது அந்த வெயிட் ஆடாது, ஆடவும் வேண்டாம். டயலைத்தான் பார்க்க வேண்டும். ஆல் அமெரிக்கன் வகையில் இதற்கு நேர் எதிர்: டயல் ஒரு துணைக்குத்தான், வெயிட் சொல்வதே தீர்ப்பு. ரப்பர் கேஸ்கெட்டும் அதில் கிடையாது, கனமும் அதிகம்.

பெரும்பாலான கேனர்கள் அலுமினியம், ஆகவே இண்டக்‌ஷன் அடுப்பில் வேலை செய்யாது. கண்ணாடி மேற்பரப்புள்ள மின்னடுப்பு என்றால், அடுப்பு, கேனர் இரண்டின் கையேடுகளையும் பார்த்துவிட்டு வாங்குங்கள். பழைய கேனர் மலிவாகக் கிடைத்தால் அடிப்பாகம் வளைந்திருக்கிறதா, மூடி சரியாகப் பொருந்துகிறதா, கேஸ்கெட்டும் பாதுகாப்பு அடைப்பானும் இன்னும் கடையில் கிடைக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். உதிரி கிடைக்காத கேனர் இலவசமாக வந்தாலும் வேண்டாம்.

ஜாடிக்கு மேசன் ஜாடிதான். பால் (Ball), கெர் (Kerr), கனடாவில் பெர்னார்டின் (Bernardin) என்ற பிராண்டுகள். ஊறுகாயும் பாஸ்தா சாஸும் வந்த காலி பாட்டில்களைக் கழுவி வைத்திருப்பீர்கள் (யார் வீட்டில்தான் இல்லை), அவை மசாலாத் தூள் போட்டு வைக்க ஆகும், கேனருக்கு ஆகாது. மேசன் ஜாடியின் மூடி இரண்டு துண்டு: தட்டையான தகடு, அதைப் பிடிக்கும் வளையம். தகடு ஒருமுறைதான். வளையம் துருப்பிடிக்காத வரை திரும்பத் திரும்பப் பயன்படும். இவற்றோடு ஜாடி இடுக்கி ஒன்றும் அகலவாய்ப் புனல் ஒன்றும் வாங்கிவிடுங்கள்.

எதை அடைக்கலாம்

இங்கேதான் நம் சமையலுக்கு மனம் நோகும். சாம்பாரை ஜாடியில் அடைக்க முடியாது. குழைந்த பருப்பு கெட்டியாக இருப்பதால் வெப்பம் ஜாடியின் நடுவரை போய்ச் சேர்கிறதா என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அரிசி மாவு, சோள மாவு கரைத்துவிட்ட எதுவும், சாதம், நூடுல்ஸ், பால், தயிர், தேங்காய்ப் பால், தேங்காய் அரைத்துவிட்ட குழம்பு எல்லாமே வெளியே. மசித்த பரங்கிக்காய் கூடாது, துண்டாக நறுக்கியது ஆகும். இவற்றை ஆசைப்பட்டு முயல வேண்டாம், ஃப்ரீசர் எதற்கு இருக்கிறது?

தாளிப்பும் கிடையாது. எண்ணெய் ஜாடி விளிம்பில் ஏறினால் மூடி இறுகாது, உணவுக்குள் வெப்பம் பரவுவதையும் கெடுக்கும். ஆகவே வெறுமனே உப்பு போட்டு அடைத்துவிட்டு, திறக்கும் நாளில் கடுகு, கறிவேப்பிலை, வெங்காயம், மசாலா எல்லாம் போட்டுக்கொள்வதுதான் வழி. யோசித்தால் அது நல்லதும்கூட. ஒரே கடலை ஒரு நாள் சுண்டல், இன்னொரு நாள் சன்னா, அப்புறம் ஒரு நாள் புளிக்குழம்பு என்று மாறிக்கொள்ளும்.

நேரங்களுக்குச் சில எடுத்துக்காட்டுகள், பைன்ட், குவார்ட் என்ற வரிசையில்: ஊறவைத்துக் கொதித்த பயறு, கடலை வகைகள் 75, 90 நிமிடம். எலும்பில்லாத கோழியும் அதேதான். பச்சை பீன்ஸ் 20, 25. நறுக்கிய உருளைக்கிழங்கு 35, 40. வெண்டைக்காய் 25, 40. ஓடு நீக்காத பச்சை வேர்க்கடலை 45, 50. உங்களுக்குப் பிடித்த காய் செய்முறைப் பட்டியலில் இல்லையென்றால் "இதைப் போலத்தானே அதுவும்" என்று நேரத்தை ஊகிக்கக் கூடாது. நம்பத் தகுந்த பட்டியல், வேளாண்மைத் துறையின் வீட்டுக் கேனிங் கையேட்டிலும் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய வீட்டு உணவுப் பாதுகாப்பு மையத்தின் தளத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது.

எவ்வளவு அழுத்தம் என்பது ஊரைப் பொறுத்தது

உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைகிறது. அதனால் அதே வெப்பத்தை எட்ட கேனருக்குக் கூடுதல் அழுத்தம் வேண்டும். நேரம் மாறாது, அழுத்தம்தான் மாறும். வெயிட் வகையில் கணக்கு எளிது: கடல் மட்டத்திலிருந்து 1000 அடி வரை 10 பவுண்டு, அதற்கு மேல் 15. டயல் வகையில் 2000 அடி வரை 11, 4000 வரை 12, 6000 வரை 13, 8000 வரை 14.

நியூ ஜெர்சியின் எடிசன், ஹூஸ்டன், டொராண்டோ ஆகியவற்றில் இருப்பவர்களுக்கு முதல் அளவே (வெயிட்டில் 10, டயலில் 11) போதும். டென்வர் 5280 அடி, அங்கே டயலில் 13. அட்லாண்டாவில் இருப்பவர்கள் தங்கள் தெரு எத்தனை அடி உயரம் என்று பார்த்துக்கொள்ளவும். அந்தப் பக்கம் பல இடங்கள் 1000 அடிக் கோட்டை ஒட்டியே இருப்பதால், வெயிட் வகைக்கு 10 போதாமல் 15 தேவைப்படலாம்.

முதல் சுற்று: கொண்டைக்கடலை

புதுக் கேனரில் முதலில் ஜாடி இல்லாமல் வெறும் நீரை வைத்து ஒருமுறை அழுத்தம் ஏற்றி இறக்கிப் பாருங்கள். எங்கே ஆவி கசிகிறது, உங்கள் அடுப்பில் எந்த அளவு தீயில் அழுத்தம் நிலையாக நிற்கிறது என்பது தெரிந்துவிடும். மூடியிலுள்ள ஆவிக்குழாயை ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தில் பிடித்து ஊடே பார்க்க வேண்டும். வெளிச்சம் தெரியாவிட்டால் கம்பி விட்டுச் சுத்தம் செய்யுங்கள்.

9 பைன்ட் ஜாடிக்குக் காய்ந்த கடலை ஒன்றரை கிலோ போதும். 12 முதல் 18 மணி நேரம் ஊறட்டும். ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புது நீர் ஊற்றி 30 நிமிடம் கொதிக்க வையுங்கள். முழுக்க வேக வேண்டாம், மீதி வேலையைக் கேனர் பார்த்துக்கொள்ளும். சீக்கிரம் வேகட்டும் என்று ஆப்ப சோடா போடும் பழக்கம் இங்கே வேண்டாம். சோடா இருக்கும் கொஞ்சநஞ்சப் புளிப்பையும் குறைக்கும், செய்முறையும் அதைச் சேர்க்காமல் போட்ட கணக்கு. ஊறவைக்காத கடலையை நேரே ஜாடியில் போட்டு நீர் ஊற்றுவதும் தவறு. அது நீரை எல்லாம் குடித்துவிட்டுக் கட்டியாக நிற்கும், வெப்பம் உள்ளே போகாது.

கடலை கொதிக்கும்போதே ஜாடிகளை வெந்நீரில் சூடாக வைத்திருங்கள். குளிர்ந்த கண்ணாடியில் கொதிக்கும் நீரை ஊற்றினால் விரிசல் விடும். கேனரில் 2 முதல் 3 அங்குலம் நீர் ஊற்றி, அடித்தட்டைப் போட்டு, ஆவி பறக்கிற, ஆனால் கொதிக்காத சூட்டில் வையுங்கள். ஜாடிகளை மூழ்கடிக்கும் அளவு நீர் வேண்டாம்.

ஜாடியில் முக்கால் வரை கடலை, பைன்ட்டுக்கு அரைத் தேக்கரண்டி உப்பு, மேலே கொதித்த நீர். உப்பு சுவைக்குத்தான், வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். மேலே சரியாக 1 அங்குலம் காலியாக இருக்க வேண்டும். குறைந்தால் பொங்கி வழியும், கூடினால் காற்று முழுக்க வெளியேறாது. பிளாஸ்டிக் கரண்டிக் காம்பை ஓரமாக விட்டுக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றி, நீர் இறங்கியிருந்தால் மறுபடி நிரப்புங்கள். பிறகு சுத்தமான ஈரத்துணியால் விளிம்பைத் துடையுங்கள். அவசரத்தில் பலரும் தாண்டிப்போவது இந்தத் துடைப்பைத்தான். தகட்டை வைத்து, வளையத்தை விரல் நுனியால் இறுகும் மட்டும் திருகுங்கள். முழு பலத்தோடு இறுக்கினால் உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் தகடு வளைந்துவிடும்.

ஜாடிகளை இடுக்கியால் நேராகத் தூக்கி உள்ளே வைத்து, மூடியைப் பூட்டி, அடுப்பை முழுத் தீயில் வையுங்கள். வெயிட்டை இன்னும் போடக் கூடாது. குக்கரில் ஆவி வந்ததும் வெயிட் போடுவோம். இங்கே குழாயிலிருந்து ஆவி பலமாக, விடாமல் வரத் தொடங்கிய பிறகு 10 நிமிடம் அப்படியே விட வேண்டும். உள்ளே காற்று மிச்சம் இருந்தால் டயல் 11 பவுண்டு காட்டினாலும் வெப்பம் 116 டிகிரியை எட்டாது. அழுத்தம் சரியாக இருப்பதுபோல் தெரியும், வித்துகள் சாகாது.

10 நிமிடம் ஆனதும் வெயிட்டைப் போடுங்கள். சில நிமிடங்களில் அழுத்தம் ஏறும். குறித்த அளவை எட்டிய நொடியிலிருந்துதான் 75 நிமிடத்தை எண்ண வேண்டும். தீயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, அளவுக்குச் சற்று மேலேயே நிலையாக நிறுத்தப் பாருங்கள். இடையில் ஒரு நிமிடம் கீழே இறங்கினாலும், மீண்டும் ஏற்றி, 75 நிமிடத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும். 70 நிமிடம் ஆகியிருந்தாலும் இதே விதிதான். எரிச்சலாக இருக்கும், வேறு வழியில்லை.

இந்த நேரம் முழுக்க வீட்டில், சத்தம் கேட்கும் தொலைவில் இருக்க வேண்டும். ஆரம்பத்திலிருந்து ஜாடி வெளியே வரும் வரை மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவரும் வேளையை நடுவில் வைத்துக்கொண்டு தொடங்காதீர்கள்.

நேரம் முடிந்ததும் அடுப்பை அணையுங்கள். அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பதுதான் வேலை. கரண்டியால் வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியே விடுவது, குழாயடியில் காட்டிக் குளிர வைப்பது, இரண்டும் நம் வீட்டுக் குக்கரில் அன்றாடம் நடக்கும். கேனரில் இப்படிச் செய்தால் ஜாடியின் நீர் முழுக்கப் பீறிட்டு வெளியேறும், ஜாடி உடையலாம், கொதிநீர் மேலே தெறிக்கலாம். ஆறும் நேரமும் கணக்கில் சேர்ந்தது என்பதால் உணவின் பாதுகாப்பும் போய்விடும். ஆவி தானாக அடங்கட்டும். டயல் பூஜ்யத்துக்கு வந்து, பூட்டுக் குமிழும் கீழே இறங்கிய பிறகு வெயிட்டை எடுங்கள். இன்னும் 10 நிமிடம் கழித்து மூடியைத் திறக்கலாம். திறக்கும்போது மூடியில் உங்களுக்கு எதிர்ப்புறம் இருக்கும் பக்கத்தை முதலில் உயர்த்தினால் ஆவி முகத்தில் அடிக்காது.

ஜாடி வெளியே வந்த பிறகு

துண்டு விரித்து, காற்று பட இடைவெளி விட்டு ஜாடிகளை வையுங்கள். உள்ளே நீர் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும், பதற வேண்டாம். வளையத்தை மறுபடி இறுக்கக் கூடாது. ஒவ்வொன்றாக "டக்" என்று தகடு உள்வாங்கும் சத்தம் கேட்கும். 12 முதல் 24 மணி நேரம் தொடாமல் விட்டு, பிறகு தகட்டின் நடுவில் விரலால் அழுத்துங்கள். அசையாமல் குழிந்திருந்தால் இறுகிவிட்டது. மேலும் கீழும் ஆடினால் இறுகவில்லை, அந்த ஜாடியைக் குளிர்ப்பெட்டியில் வைத்து ஓரிரு நாளில் சாப்பிட்டுவிடுங்கள். நீர் சற்றே குறைந்திருந்து மூடி இறுகியிருந்தால் பரவாயில்லை. பாதிக்கு மேல் போயிருந்தால் அதற்கும் குளிர்ப்பெட்டிதான்.

வளையத்தைக் கழற்றி, ஜாடியைக் கழுவி, தேதி எழுதி, வெளிச்சம் படாத இடத்தில் 10 முதல் 21 டிகிரியில் வையுங்கள். வளையம் இல்லாமல் வைப்பதற்குக் காரணம் உண்டு: மூடி பின்னாளில் விட்டுப்போனால் உடனே தெரியும். டெக்சஸ் கோடையில் கார் நிறுத்தும் அறை 35 டிகிரியைத் தாண்டும் என்பதால் அங்கே அடுக்கக் கூடாது. ஓராண்டுக்குள் பயன்படுத்துவது நல்லது.

திறக்கும்போது மூடி உப்பியிருந்தாலோ, எளிதில் கையோடு வந்தாலோ, நீர் பீறிட்டாலோ, வாடை மாறியிருந்தாலோ, ருசி பார்க்கவே கூடாது. விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கும் நம் வழக்கம் இந்த ஓர் இடத்தில் உயிருக்கே ஆபத்து. உப்பிய ஜாடியைத் திறக்காமலே கனமான பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். நன்றாக இருப்பதாகத் தோன்றும் காய்கறியையும் இறைச்சியையும்கூடத் திறந்ததும் 10 நிமிடம் கொதிக்கவைத்துச் சாப்பிடுவது நல்ல காப்பு, ஏனென்றால் வித்தைப் போலன்றி நஞ்சு கொதிநிலையில் சிதைந்துவிடும். உயரமான ஊர்களில் ஒவ்வொரு 1000 அடிக்கும் ஒரு நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். கடலையைப் பொறுத்தவரை இது கூடுதல் வேலையே இல்லை, மசாலாவில் அது எப்படியும் அவ்வளவு நேரம் கொதிக்கத்தானே போகிறது.

சாப்பிட்ட பிறகு யாருக்காவது இமை தொங்கினாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, பேச்சு குழறினாலோ, விழுங்க முடியாவிட்டாலோ உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய், வீட்டில் அடைத்த உணவு சாப்பிட்டதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அறிகுறிகள் பெரும்பாலும் 12 முதல் 36 மணி நேரத்தில் தெரியும், சில நாள் கழித்தும் வரலாம். முறிமருந்து இருக்கிறது, எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறார்களோ அவ்வளவு பயன். அந்த ஜாடியில் மிச்சம் இருந்தால் கொட்டிவிடாமல் பையில் கட்டி வைத்திருங்கள், சோதனைக்குக் கேட்பார்கள்.